தானியம் தின்னும் இறைச்சி மாடு குறைவாக மீத்தேன் விடுமா?

ஆமாம், குறைவுதான். புல், வைக்கோல் போன்ற நார்த்தீவனம் மாட்டின் முதல் இரைப்பையில் நொதிக்கும்போது அசிட்டிக் அமிலம் அதிகம் உருவாகும். கூடவே ஹைட்ரஜனும் மிஞ்சும். அங்கே வாழும் ஆர்க்கியா நுண்ணுயிர்கள் அதைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேனாக்கிவிடும். பெரும்பகுதி ஏப்பமாக வாய் வழியேதான் வெளியேறும், பலர் நினைப்பதுபோல் பின்பக்கமாக அல்ல. மக்காச்சோளம் கொடுத்தால் புரோப்பியானிக் அமிலம் கூடும். அது உருவாகும்போது ஹைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், அதனால் மீத்தேனாக மாற மிஞ்சுவது குறையும்.

மேய்ச்சல் மாடு தீவன ஆற்றலில் சுமார் 6.5% மீத்தேனாக இழக்கிறது. அமெரிக்க ஃபீட்லாட்டில், அதாவது மாடுகளை அடைத்துவைத்துக் கொழுக்க வைக்கும் பண்ணையில், 90 சதவீதத்துக்கு மேல் தானியம் மிகுந்த அடர்தீவனம் தின்னும் மாட்டுக்கு அது சுமார் 3% தான். அதற்காகத் தானியத்தைத் திடீரென்று கொட்டிவிடக் கூடாது. வயிற்றில் அமிலம் ஏறி, மாடு தீவனத்தையே ஒதுக்கிவிடும். படிப்படியாகத்தான் மாற்ற வேண்டும். எண்ணெய் சேர்த்தாலும் மீத்தேன் குறையும், ஆனால் அளவு மீறினால் நார் சரியாகச் செரிக்காது. அப்புறம், மக்காச்சோளம் விளைவிக்க ஆகும் உரமும் டீசலும் இந்தக் கணக்கில் சேரவில்லை.