அப்பாவின் ஸ்டென்ட் செலவுக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 38. ஆர்டர் இருக்கும் மாதம் 25 ஆயிரம் ரூபாய் கையில் நிற்கும். வெள்ளி விலை ஏறினால் அதுவும் இல்லை. மனைவிக்கு டவுனில் ஜவுளிக்கடையில் 16,500 ரூபாய் சம்பளம், ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள். மகள் ஆறாம் வகுப்பு. அப்பா, அம்மா ஏற்காட்டில் தனி ரேஷன் கார்டில் இருக்கிறார்கள். அப்பா காபி எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்ந்தவர், வயது 66. சொற்பப் பென்ஷன் வருகிறது, மாதம் 3,000 நான் அனுப்புகிறேன். போன வாரம் அவருக்கு நெஞ்சை அடைக்கிறது என்று தனியார் ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ பார்த்தோம். இரண்டு இடத்தில் அடைப்பு, ஒரு மாதத்துக்குள் ஸ்டென்ட் (ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைக்க வேண்டும், 3,40,000 ஆகும் என்கிறார்கள். ஜி.ஹெச்.சுக்குப் போகச் சொந்தக்காரர்கள் விடமாட்டேன் என்கிறார்கள். மனைவி நகையை அடகு வைக்கவா, மகள் பெயரில் இருக்கும் 2 லட்சம் டெபாசிட்டை உடைக்கவா? அப்பாவுக்கு உடனே ஒரு பாலிசி எடுத்துவிடலாம் என்று ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார், அது சரியா?

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும், டெபாசிட்டையும் தொட வேண்டாம். முதலில் இந்தச் செலவை ஏற்க வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிடுவோம். உங்கள் அப்பா விஷயத்தில் அநேகமாக இருக்கிறார்கள்.

கடிதத்தில் ஒரு பெயர் வரவே இல்லை: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் இந்தப் பெயருக்கு மாறியது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பிரீமியத்தை அரசு கட்டிவிடும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அப்பாவும் அம்மாவும் தனி வீடு, தனி கார்டு என்பதால் அவர்கள் இருவரின் வருமானம்தான் கணக்கு. உங்கள் பட்டறை வருமானம் அதில் சேராது. அப்படித்தான் உண்மையிலேயே வாழ்கிறார்கள் என்பதால் இதில் கூச்சப்பட எதுவும் இல்லை. (ஒரே வீட்டில் இருந்துகொண்டு அட்டைக்காகவே கார்டைப் பிரிக்கலாமா என்று கேட்டும் கடிதங்கள் வரும். அவர்களுக்கு என் பதில் வேறு.)

அட்டை ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் அம்மாவைக் கேளுங்கள். ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் பழைய அட்டை கிடந்து, வீட்டில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லாமல் போவது சகஜம். இல்லையென்றால் வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு இருவரையும் சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்கு அழைத்துப் போங்கள். நாள் பிடிப்பது வருமானச் சான்றிதழ்தான். இ-சேவை மையத்தில் இன்றைக்கே விண்ணப்பித்துவிட்டு, ஏற்காட்டில் வி.ஏ.ஓ.வை நேரில் பார்த்து, சிகிச்சைக்காக என்று ஆஞ்சியோ ரிப்போர்ட்டைக் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒரு மாதம் என்று டாக்டர் சொன்னதை நீங்களாக நீட்டிக்கொள்ளாதீர்கள். அட்டைக்காகச் சில நாள் பொறுக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள், நான் டாக்டர் இல்லை. நடுவில் வலி திரும்பினால் அட்டை, கணக்கு எல்லாம் அப்புறம்தான், உடனே 108. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் வர வேண்டும். அதற்கு முன்பே, மாரடைப்பு என்று தெரிந்தால் முதல் டோஸ் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்து அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023-இலிருந்து இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்து நிலையம் எது, இரவில் யார் இருப்பார்கள் என்பதை அம்மா தெரிந்து வைத்திருக்கட்டும்.

இனி ஜி.ஹெச்.சா தனியாரா என்ற கேள்வி. சொந்தக்காரர்கள் இதை மானப் பிரச்சினை ஆக்கிவிட்டார்கள். ஆனால் அந்த அட்டை திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும், ஜி.ஹெச்.சிலும் செல்லும். தனியாரில் காட்டினாலும் பணம் அரசு கட்டிய பிரீமியத்திலிருந்துதான் போகிறது. ஜி.ஹெச்.சில் காட்டினால் அதே காப்பீட்டுப் பணம் அந்த அரசு மருத்துவமனைக்கே வருகிறது. அதனால் 'அங்கே எல்லாம் இலவசம்தானே, அட்டை எதற்கு' என்று வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். சேலம் ஜி.ஹெச்.சான மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல்நோக்கு உயர்சிகிச்சைக் கட்டடம் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போட்டுக் கட்டியது. வெள்ளிக்கு நீங்கள் கட்டும் ஜி.எஸ்.டி.யும் அந்தக் கணக்கில் உண்டு. தர்மத்துக்குப் போய் நிற்கிறோம் என்று நினைக்க ஒன்றும் இல்லை. ரிப்போர்ட்டோடு ஒரு நாள் காலையில் இதயப் பிரிவு ஓ.பி.யில் காட்டி, அவர்கள் என்ன சொல்கிறார்கள், எப்போது தேதி தருவார்கள் என்று கேட்டுவிடுங்கள். இரண்டாவது கருத்து ஒன்று செலவில்லாமல் கிடைக்கும்.

ஜி.ஹெச்.சிலும் உங்களுக்குச் செலவு உண்டு. கூட இருக்கும் ஆளின் சாப்பாடு, மலைக்கும் ஊருக்கும் அலைச்சல், நீங்கள் பட்டறையைப் பூட்டும் நாட்கள். வரிசையில் நிற்கும் நேரமும் காசுதான். அதையும் எண்ணிப் பார்த்துத் தனியாருக்குத்தான் போவது என்று முடிவெடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அட்டையோடு போங்கள்.

இப்போது காட்டிய ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. இதய சிகிச்சைக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். எலும்புக்கு மட்டும் பதிவு செய்துவிட்டு வாசலில் பெரிய போர்டு வைத்திருக்கும் இடங்கள் உண்டு. காப்பீட்டு டெஸ்க் வழியாக முன் அனுமதி வாங்கிய பிறகே அட்மிஷன் போடுங்கள். திட்டத்தின் தொகைக்குள் படுக்கை, சிகிச்சை, மருந்து எல்லாம் அடக்கம். 'ஸ்டென்ட் நல்லதாக வேண்டுமென்றால் மேலே கொஞ்சம் கட்டுங்கள்' என்று யாராவது சொன்னால் எழுதிக் கேளுங்கள், 1800 425 3993 என்ற திட்டத்தின் இலவச எண்ணில் புகார் சொல்லுங்கள்.

அட்டை கிடைக்காமல் போய் கைக்காசுதான் என்றாகிவிட்டால், 3,40,000 என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். ஸ்டென்ட், டாக்டர் கட்டணம், கேத் லேப் (ஸ்டென்ட் வைக்கும் சிகிச்சைக்கூடம்), அறை, மருந்து என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியிலிருந்து மத்திய அரசு உச்சவிலை வைத்திருக்கிறது. மருந்து பூசியது ஒன்று 39,000 ரூபாயை ஒட்டித்தான் வரும். இரண்டு என்றால் 80 ஆயிரம் சுமார். மீதி 2,60,000 எதற்கு என்பது நியாயமான கேள்வி. பிரித்துப் பார்த்தால் எங்கே பேசலாம் என்று தெரியும், பொது வார்டு எடுத்தால் எவ்வளவு குறையும் என்றும் தெரியும். அதற்கும் மேல் பற்றாக்குறை வந்தால் அப்போது நகை, அதுவும் அடகுக் கடையில் இல்லை, வங்கியில். 3 லட்சத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலே மாதம் 3,000. அப்பாவுக்கு அனுப்பும் தொகை அளவுக்கு இன்னொரு செலவு அது.

ஏஜென்ட் விஷயம். அப்பாவுக்கு இன்று பாலிசி எடுத்தால் இந்த ஸ்டென்டுக்கு ஒரு பைசா வராது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்க கம்பெனிகளுக்கு அனுமதி உண்டு. ஆஞ்சியோ பார்த்ததைச் சொல்ல வேண்டாம், கொஞ்ச நாள் கழித்துக் க்ளைம் போடலாம் என்று அவர் சொல்லியிருந்தால் அந்த ஆளை விட்டுவிடுங்கள். ரிப்போர்ட்டில் தேதி இருக்கிறது. க்ளைமும் போகும், கட்டிய பிரீமியமும் போகும்.

கடைசியாக, நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன ஈ.எஸ்.ஐ. மனைவியின் 16,500-இல் மாதம் 124 ரூபாய் அளவுக்குப் பிடிக்கிறார்கள், முதலாளி அதற்கு மேல் 3.25 சதவீதம் போடுகிறார். இவ்வளவுக்கும் மனைவி, நீங்கள், மகள் மூவருக்கும் சிகிச்சை உண்டு. சிகிச்சைச் செலவுக்கு மொத்த உச்சவரம்பு கிடையாது. உயர்சிகிச்சைக்கு மட்டும் சந்தா கட்டிய நாட்கணக்கு பார்ப்பார்கள். உங்கள் பெயரும் மகள் பெயரும் அதில் ஏறியிருக்கிறதா? பல வீடுகளில் ஏறியிருக்காது. கடையில் கணக்குப் பார்ப்பவரிடம் இந்த வாரமே கேட்டு, குடும்ப விவரத்தோடு அட்டையைப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் 21,000-ஐத் தாண்டினால், அந்த ஆறுமாத சந்தா காலம் முடிந்ததும் ஈ.எஸ்.ஐ. நின்றுவிடும். அந்த நாளுக்காகத்தான் தனியார் பாலிசி, அப்பாவுக்காக இல்லை. மூவருக்கும் சேர்த்து 5 லட்சத்துக்கு ஒரு குடும்பப் பாலிசியை உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுங்கள், காத்திருப்புக் காலமும் ஓடிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் இதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அறை வாடகைக்கு வரம்பு இல்லாததாகப் பாருங்கள். நாளுக்கு 5,000 வரம்புள்ள பாலிசியை வைத்துக்கொண்டு 8,000 ரூபாய் அறையில் படுத்தால், அறையைச் சார்ந்த கட்டணங்களையும் எட்டில் ஐந்து பங்காகக் குறைத்துவிடுவார்கள். அந்தக் கட்டணங்கள் 2,40,000 என்றால் கம்பெனி தருவது 1,50,000. மீதி 90 ஆயிரத்தை டிஸ்சார்ஜ் அன்று கவுன்டரில் நீங்கள்தான் எண்ணி வைக்க வேண்டும்.

மகளின் டெபாசிட் அப்படியே இருக்கட்டும். வருமானச் சான்றிதழ் இழுத்தடித்தாலோ, ஆஸ்பத்திரி கட்டணத்தைப் பிரித்துத் தர மறுத்தாலோ அந்தக் காகிதங்களோடு மறுபடி எழுதுங்கள்.