சைக்கிள் கடை மாடியிலிருந்து: ஹிப்னோதெரபி கேள்வி பதில்

உறையூரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிறது என் அறை. காற்றடிக்கும் பம்பின் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். இங்கே கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக இருபது வருடம் ஆகிறது. ஹிப்னோதெரபி, அதாவது ஹிப்னாடிசத்தின் வழியாகச் செய்யும் சிகிச்சை பற்றிக் கேட்டு வந்த கடிதங்களில் பாதி ‘டாக்டர் அவர்களுக்கு’ என்று தொடங்குகின்றன. நான் மருத்துவர் அல்ல, மாத்திரை எழுத மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் தினமும் குடிக்கிறார். சிகிச்சை என்றாலே சண்டை. பிரஷர் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி உங்களிடம் அழைத்து வருகிறேன். அவருக்கே தெரியாமல் மெஸ்மரிசம் செய்து குடியை வெறுக்க வைக்க முடியுமா?
- வாசகி, நாமக்கல்

முடியாதம்மா. காபியில் கலந்து கொடுக்கும் பொடியைக் கேட்பது போலக் கேட்கிறீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் இதில் வேலை செய்வது என் கண்ணோ குரலோ அல்ல, வந்தவருடைய கவனம். அதை அவர்தான் தர வேண்டும். வேண்டாவெறுப்பாக உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு மணி நேரம் பேசினாலும் அவர் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்று. தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அவர் வரமாட்டேன் என்றால் முதலில் நீங்கள் மட்டும் போங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

டவுன் பஸ் கண்டக்டர், வயது 34. டியூட்டிக்குக் கிளம்பும்போதே வயிற்றைக் கலக்கும். ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் நார்மல். ‘ஐபிஎஸ் (IBS, குடல் எரிச்சல் நோய்), டென்ஷன்தான்’ என்றார்கள். இரண்டு வருடமாக மாத்திரை. வயிற்று வலிக்கு ஹிப்னாடிசமா என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.
- வாசகர், கரூர்

சிரிக்கட்டும் தம்பி. ஹிப்னோதெரபி எதற்கு நன்றாகக் கேட்கிறது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வதே இந்தக் குடல் தொந்தரவைத்தான். 1984இல் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும், எந்த மருந்துக்கும் கேட்காத 30 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்கு ஹிப்னோதெரபி, இன்னொரு பிரிவுக்குப் பேச்சுச் சிகிச்சையும் மருந்தில்லாத வெற்று மாத்திரையும். முதல் பிரிவுக்கு வலி, உப்புசம், மலப்போக்கு எல்லாமே நன்றாகத் தேறின. மருந்து சாப்பிட்டு 12 மாதமாகியும் குணம் தெரியாதவர்களுக்கு இதையும் யோசிக்கலாம் என்று இன்று பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டுதலே சொல்கிறது.

‘டென்ஷன்தான்’ என்று சொல்லி அனுப்புவது எனக்குப் பிடிக்காது. உங்கள் வலி கற்பனை இல்லை. குடலுக்கும் மூளைக்கும் நடுவே ஓயாமல் செய்தி போய் வருகிறது. மற்றவர்கள் கவனிக்கவே கவனிக்காத குடல் அசைவு உங்களுக்கு ஆடி மாதத்து அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் மாதிரி கேட்கிறது. அந்தச் சத்தத்தைக் குறைக்கப் பழகுவதுதான் சிகிச்சை.

முதல் நாள் வெறும் பேச்சு. அடுத்த வாரம் சாய்வு நாற்காலி. மூச்சு, தோள், தாடை என்று தளர்த்திக்கொண்டே வந்து, வயிற்றின் மேல் கையை வைத்து அந்த இடம் வெதுவெதுப்பாவதை உணரச் சொல்வேன். அப்புறம் குடலை ஒரு ஆறாக நினைக்க வேண்டும். சிலருக்கு வெள்ளம், சிலருக்குத் தேக்கம். ஓட்டத்தை அவரவரே சீராக்குவார்கள். ‘காவேரின்னு நினைச்சுக்குங்க’ என்று ஒரு விவசாயியிடம் சொன்னேன், ஏப்ரல் மாதத்தில். ‘அதுல ஏது சார் தண்ணி?’ என்றார். அவர் வயல் வாய்க்காலுக்கு மாறினோம். மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது.

தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு இந்தப் பக்குவம் இல்லை. எல்லோருக்கும் ஒரே பாட்டுத்தான்: ‘கடற்கரையில் நடக்கிறீர்கள், அலைச் சத்தம் கேட்கிறது...’ நாகப்பட்டினத்திலிருந்து வந்த ஒரு அம்மா இரண்டாவது வரியிலேயே கண்ணைத் திறந்துவிட்டார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. 2004 சுனாமி நடந்து அப்போது அதிக நாள் ஆகவில்லை. ஊர்ப்பெயர் என் எதிரில், ஃபைலில், என் கையெழுத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகு நிம்மதியான இடம் எது என்று நானாகச் சொல்வதில்லை, கேட்டுக்கொள்கிறேன். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு என்றவர் உண்டு. உங்களுக்கு அது சரிப்படாது என்று நினைக்கிறேன்.

வாரம் ஒரு முறையாக 7 முதல் 12 முறை வர வேண்டியிருக்கும். வீட்டில் தினமும் பயிற்சி செய்ய வேண்டும். எல்லோருக்கும் பலிக்காது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, இதில் ஏதாவது இருந்தால் என்னிடம் வராதீர்கள், திரும்பவும் குடல் டாக்டரிடம் போங்கள். கரூரிலேயே யாரையாவது பார்ப்பதானால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா என்று கேளுங்கள். வாசலில் போர்டு யார் வேண்டுமானாலும் வைக்கலாம்.

அம்மாவின் மூன்று பவுன் செயின் காணவில்லை. எங்கே வைத்தோம் என்று அவருக்கு ஞாபகம் இல்லை. வேலைக்கார அம்மா மேல் சந்தேகம். ஹிப்னாடிசத்தில் கண்டுபிடிக்கலாமா?
- வாசகர், சேலம்

மை போட்டுப் பார்ப்பவரிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்கிறீர்கள். ஹிப்னாடிச நிலையில் ஞாபகம் துல்லியமாகாது, ‘எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது’ என்ற உறுதிதான் கூடும். நீங்கள் சந்தேகத்தோடு கேட்கும் கேள்வியே அம்மாவின் மனதில் காட்சியாகிவிடலாம். அப்புறம் அந்த வேலைக்கார அம்மாவின் கதி? அரிசி டப்பாவில் தேடிப் பாருங்கள். முன்ஜென்மம் கேட்டு எழுதிய நான்கு பேருக்கும் இதே பதில்தான், அரிசி டப்பா நீங்கலாக.

பல் பிடுங்க வேண்டும். ஊசி என்றால் நடுக்கம். ஹிப்னாஸிஸ் மட்டுமே போதுமா?
- வாசகி, தஞ்சாவூர்

குளோரோஃபார்ம் வராத காலத்தில், 1845இல், வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற ஸ்காட்லாந்துக்கார சர்ஜன் மெஸ்மரிசத்தை மட்டும் நம்பி அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். முதலில் ஒரு கைதிக்கு விரைவீக்கம். அவருக்கு வேறு வழி இல்லை, உங்களுக்கு இருக்கிறது. பெல்ஜியத்தின் லியேஜ் மருத்துவமனையில் 1992 முதல் ஹிப்னாஸிஸோடு தைராய்டு அறுவை சிகிச்சைகூடச் செய்கிறார்கள். அங்கேயும் மரத்துப்போகும் ஊசி உண்டு. ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள், நடுக்கத்துக்கு மட்டும் வாருங்கள்.

கண் விழிக்காமலே போய்விட்டால்?
- வாசகர், திருச்சி

திருச்சிக்காரர் கேட்கலாமா இதை? தமிழில் இதற்கு அறிதுயில் என்று பெயர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் பெருமாள் பள்ளிகொண்டிருப்பதையும் அப்படித்தான் சொல்கிறோம். தூங்குவது போல இருக்கும், ஆனால் எல்லாம் தெரியும். நான் பாதியில் எழுந்து டீ குடிக்கப் போனாலும் நீங்களாகவே கண் திறப்பீர்கள், மிஞ்சிப்போனால் கொஞ்சம் தூங்கி எழுவீர்கள். போன மாதம் ஒருவர் ஆழமாக இருக்கிறார் என்று நம்பி நான் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தேன். ஃபேன் நின்றது. கண்ணைத் திறக்காமலே கேட்டார்: ‘கரண்ட் போச்சா சார்?’