வீட்டுல ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கு முன்னாடி கொள்ளு டப்பாவ தொறந்து பாருங்க

கேள்வி: அக்கா, மாசக் கடைசி, வீட்டுக்காரருக்கு ஓசூர்ல கம்பெனி வேலை, சம்பளம் வர இன்னும் நாலு நாள் ஆகும். சந்தைக்கும் மூணு நாள் இருக்கு. காய் ஒண்ணு கூட இல்ல. ராகி மாவு, கொள்ளு, புளி, வரமிளகா, பூண்டு மட்டும்தான் இருக்குது. இத வச்சு என்னத்த செய்றது? பசங்க வேற களின்னாலே மூஞ்சிய திருப்பிக்குதுங்க.
(ஒரு வாசகி, போச்சம்பள்ளி)

பதில்: கண்ணு, நீ எழுதுன சாமான வச்சு ரெண்டு நாள் நல்லாவே சாப்பிடலாம், பயப்படாத. என்ன குழம்பு வைக்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டு நின்னா மண்டை காஞ்சிரும், அதனால நான் எப்பவும் முதல்ல பாக்குறது வீட்டுல என்ன பருப்பு, பயறு இருக்கு, புளிப்புக்கு என்ன இருக்குன்னு. உன்கிட்ட ரெண்டுமே இருக்கு.

ஒரு டம்ளர் கொள்ளு எடுத்து கல்லு பொறுக்கிட்டு, வெறும் சட்டியில வாசனை வர்ற வரைக்கும் வறுத்துக்கோ, லேசா வெடிக்கிற சத்தம் கேக்கும், அதுக்கு மேல விட்டா கசந்துரும். கழுவி நாலு டம்ளர் தண்ணி ஊத்தி குக்கர்ல ஏழெட்டு விசில் விடு. பழைய கொள்ளுன்னா இன்னும் ரெண்டு விசில் கூட ஆகும், நசுக்கிப் பாத்துக்கோ. வெந்ததும் தண்ணிய வடிச்சு தனியா எடுத்து வை. அந்தத் தண்ணிய தயவுசெஞ்சு கீழ ஊத்தாத, சாறே அதுதான். அஞ்சாறு வரமிளகா, ஒரு ஸ்பூன் சீரகம், எட்டு பல்லு பூண்டு வதக்கி, கோலிகுண்டு அளவு புளி, வெந்த கொள்ளு ரெண்டு கை சேத்து அரைச்சுக்கோ. இதுல பாதிய வடிச்ச தண்ணியில கரைச்சு உப்பு போட்டு நுரை கட்டுனதும் எறக்கிரு. மீதிய மிச்சமிருக்குற கொள்ளோட மண்சட்டியில போட்டு மத்தால கடைஞ்சிரு. ஒரு குக்கர் கொள்ளுல தண்ணியா ஒண்ணு, கெட்டியா ஒண்ணு ஆயிருச்சா? நம்ம பக்கம் கீரை, அவரையிலெல்லாம் உப்புசாறு வைக்கிறோமே, அதே வழிதான் இதுவும்.

இப்ப களி. பசங்க வேணாங்குறதுக்கு பாதி காரணம் கட்டி தட்டிப் போறதுதான்னு நான் நம்புறேன், ஏன்னா கல்யாணமாகி வந்த புதுசுல நான் கிண்டுன களியில உள்ள மாவு மாவா நின்னுது, எங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டாரு, எனக்குதான் தொண்டைய அடைச்சுக்கிச்சு. மறுநாள் எங்க அத்தை பக்கத்துல நின்னு, மாவ கொட்டிட்டு கைய எடுத்துருன்னு சொன்னாங்க. அதுதான் நான் விட்ட இடம். ரெண்டு ஸ்பூன் மாவ பச்சத் தண்ணியில கரைச்சு, ரெண்டரை டம்ளர் கொதிக்கிற தண்ணியில ஊத்தி உப்பு போடு, நொய் இருந்தா ஒரு கைப்பிடி போட்டு வேக விடு. அப்புறம் ஒரு டம்ளர் மாவ நடுவுல குவியலா கொட்டி, கிண்டாம, கட்டையால நடுவுல ஒரு குழி மட்டும் குத்தி விட்டு, தீய குறைச்சு அஞ்சு நிமிஷம் மூடி வை. தண்ணி குழி வழியா மேல வந்து மாவு வெந்துரும். அதுக்கப்புறம்தான் கால்ல சட்டிய அணைச்சுக்கிட்டு பலமா கிண்டணும். கைய நனைச்சு தொட்டுப் பாத்தா ஒட்டக்கூடாது.

மிஞ்சுன களி உருண்டைய தண்ணியில போட்டு வச்சு, காலையில மோரு, சின்ன வெங்காயம் போட்டு கரைச்சுக் குடு. அதுவும் வேணாம்னா அதே மாவுல கொல்லையில இருக்குற முருங்கக்கீரைய உருவிப் போட்டு அடையா தட்டிக் குடு, எங்க வீட்டுப் பசங்க இதுல ஒண்ணு கூட மிச்சம் வச்சதில்ல. 100 கிராம் ராகியில 340 மில்லிகிராம் கால்சியம் பக்கம் இருக்கு, வளர்ற பசங்களுக்கு இத நிறுத்திராத கண்ணு.

கேள்வி: ரேஷன்ல குடுக்குற ராகிய மொத்தமா அரைச்சு வச்சேன், ஒரு மாசத்துல மாவு கசக்குது, ஏன்?
(வாசகி, பென்னாகரம்)

பதில்: ராகியில இருக்குற கொஞ்சூண்டு எண்ணெய்ச் சத்து அரைச்சதும் காத்துபட்டு கெட்டுப் போகுதுங்க, அதான் கசப்பு. முழுசா வச்சா வருஷக்கணக்குல ஒண்ணும் ஆகாது. 2023லேர்ந்து நம்ம தர்மபுரியிலயும் நீலகிரியிலயும் அரிசிக்கு பதிலா கார்டுக்கு 2 கிலோ ராகி குடுக்குறாங்க இல்லையா, அத மண்ணு போக நல்லா கழுவி, காய வச்சு, பதினஞ்சு நாளைக்கு தேவையானத மட்டும் மில்லுல குடுத்து அரைங்க.

கேள்வி: அக்கா, ரூம்ல தங்கி வேலை பாக்குறேன். ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு குக்கர், அவ்ளோதான். அரிசி, துவரம்பருப்பு, வெங்காயம் இருக்கு. தினமும் ஓட்டல் சோறு ஒத்துக்கல.
(தம்பி ஒருத்தர், ஓசூர்)

பதில்: தம்பி, அரிசி பருப்பு சாதம் கத்துக்கோ, உனக்கு அது ஒண்ணே போதும். குக்கர்லயே ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு கடுகு, சீரகம், ரெண்டு வரமிளகா, நசுக்குன பூண்டு, வெங்காயம், மஞ்சத்தூள் எல்லாம் வதக்கி, ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் பருப்பு கழுவிப் போட்டு மூணரை டம்ளர் தண்ணி, உப்பு, மூணு விசில். தக்காளி இருந்தா போடு, இல்லன்னா அதுக்குன்னு கடைக்கு ஓடாத. எறக்குனதும் நெய் ஒரு ஸ்பூன் விட்டா போதும். வேலை முடிச்சு வந்து ராத்திரி ஒம்பது மணிக்கு பரோட்டா வாங்குறத விட்டுட்டு இத ஒரு வாரம் செஞ்சு பாரு, வயிறு சொல்லும்.

கேள்வி: தக்காளி வெல ஏறுனா ரசமே வைக்க முடியல, வேற வழி இருக்கா?
(வாசகி, அரூர்)

பதில்: புளி விளையிற ஊர்ல இருந்துக்கிட்டு இந்தக் கேள்விய கேக்கலாமாங்க! பச்சப்புளி ரசம் வைங்க, ரசத்த அடுப்புல ஏத்தவே வேணாம். எலுமிச்சம்பழம் அளவு புளிய ஊற வச்சு கரைச்சு, வரமிளகாய தணல்ல சுட்டு உப்போட சேத்து கையாலயே நொறுக்கிப் போட்டு, சீரகம், சின்ன வெங்காயம், கொத்தமல்லி கசக்கிப் போட்டு, துளி வெல்லம். கொதிக்க வைக்கக் கூடாது. சுடுசோத்துல ஊத்துனா வர்ற வாசனைக்கு தக்காளி ரசம் கிட்ட வராது.

இன்னொண்ணு, தக்காளி வெல சரியுற சமயத்துல பாலக்கோடு பக்கம் விவசாயிங்க பறிக்கிற கூலி கூட கட்டாம ரோட்டோரம் கொட்டுறத நம்ம எல்லாருமே பாத்திருக்கோம், மனசு ஆறாது. அப்ப அஞ்சாறு கிலோ சேத்து வாங்கி வட்டமா அரிஞ்சு உப்பு தடவி நல்ல வெயில்ல சருகா காய வச்சு டப்பாவுல போட்டுக்கங்க. வெல ஏறும்போது நாலு துண்டு சுடுதண்ணியில ஊறப்போட்டா ரசத்துக்கு ஆகும், ஆனா அதுலயே உப்பு இருக்கும், ரசத்துக்கு உப்பு போடுறப்ப கொஞ்சம் பாத்துப் போடுங்க.