வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? சொகுசுக் கார் வைத்திருப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

சஸ்பென்ஷன், வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணங்களை அளந்து சரிசெய்வது) வேலையிலேயே இருப்பவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்தன. பெரும்பாலும் ஒரே குறைதான்: விலை உயர்ந்த வண்டி, அலைன்மென்ட் பார்த்தாயிற்று, இன்னும் இழுக்கிறது. பதில்களுக்கு முன் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். வண்டி எப்போது இழுக்கிறது என்று கவனியுங்கள். சீரான வேகத்தில் போகும்போதா, பிரேக் மிதிக்கும்போதா, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதா, வளைவில் திரும்பி வந்த பிறகா? இதைத் தெளிவாகச் சொல்ல முடிந்தால் தேவையில்லாத பாகங்களை மாற்றும் செலவு பெருமளவு குறையும்.

கேள்வி: என்னுடையது பிஎம்டபிள்யூ 5 சீரிஸ். இரண்டு முறை அலைன்மென்ட் செய்தும் இடப்பக்கமே இழுக்கிறது. ரிப்போர்ட்டில் எல்லா அளவும் பச்சையில் இருக்கிறது. இப்போது லோயர் ஆர்மை (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கை) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா சார்?

பொறுங்கள், இப்போதைக்கு மாற்ற வேண்டாம். சீரான வேகத்தில் இழுக்கும் வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது டயரைத்தான்.

காற்றிலிருந்து தொடங்குங்கள். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, நான்கிலும் அளந்து பாருங்கள். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதை நம்பி விட்டுவிடாதீர்கள். பல வண்டிகளில் காற்று 20 முதல் 25 சதவீதம் குறைந்த பிறகுதான் அந்த விளக்கு எரியும். முன் டயர்களுக்குள் 4, 5 பிஎஸ்ஐ வித்தியாசம் இருந்தாலே, குறைந்த பக்கம் வண்டி சாயத் தொடங்கிவிடும். விளக்கு அப்போதும் எரியாது.

காற்று சரியாக இருந்தால், முன் டயர்கள் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டு, அதே சாலையில் ஓட்டுங்கள். இழுப்பு வலப்பக்கம் மாறினால் குறை டயரில். காணாமல் போனாலும் டயர்தான். அதே இடப்பக்கம் தொடர்ந்தால் மட்டும் வண்டியின் அடிப்பக்கம் போகலாம். 5 சீரிஸில் பல மாடல்களுக்குப் பின் டயர் முன் டயரைவிட அகலம், ஆகவே முன்பின் மாற்ற முடியாது. இடம் வலம் மட்டும்தான் வழி. டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தால், காய்ந்த சாலையில் மிதமான வேகத்தில் சோதனைக்குச் சிறிது தூரம் ஓட்டிவிட்டு, உடனே பழையபடி மாட்டிவிடுங்கள்.

டயர் பார்க்கப் புதிதாக இருக்கிறதே என்பீர்கள். உள்ளே இருக்கும் எஃகு பெல்ட் மையத்திலிருந்து கொஞ்சம் விலகி அமைந்துவிட்டால் போதும், டயர் மெல்லிய கூம்பு போல உருளும். பேப்பர் கப்பைத் தரையில் உருட்டினால் வளைந்துதானே போகிறது, அப்படி. இந்தக் குறை அலைன்மென்ட் மெஷினில் தெரியாது, பேலன்சிங்கிலும் தெரியாது.

அப்புறம் அந்தப் பச்சை நிறம். ஒவ்வொரு சக்கரமும் அனுமதித்த வரம்புக்குள் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். இடது சக்கரம் வரம்பின் ஒரு முனையிலும் வலது சக்கரம் மறு முனையிலும் இருந்தாலும் இரண்டும் பச்சையாகத்தான் காட்டும். முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவுதான் கேம்பர், மேல்பக்கம் வெளியே சாய்ந்தால் அது பாசிடிவ். பக்கவாட்டில் பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவு காஸ்டர். இடம் வலத்துக்கு நடுவே கேம்பரிலோ காஸ்டரிலோ அரை டிகிரி வித்தியாசம் வந்தால் பல வண்டிகளில் இழுப்பு கைக்குத் தெரியும். கேம்பர் எந்தப் பக்கம் கூடுதல் பாசிடிவோ அந்தப் பக்கம் இழுக்கும். காஸ்டர் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் இழுக்கும். ரிப்போர்ட்டை எடுத்து இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

டயரில் இருக்கும் குறையைக் கேம்பரைத் திருப்பி மறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அடுத்த முறை டயர் மாற்றும்போது வண்டி மறுபக்கம் இழுக்கும்.

கேள்வி: இழுப்பது சாலையின் சாய்வா, வண்டியின் குறையா என்று எப்படிப் பிரித்தறிவது?

மழைநீர் வடிய வேண்டும் என்பதற்காகச் சாலைகளை நடுவில் உயர்த்தி, ஓரத்தை நோக்கி ஏறக்குறைய 2 சதவீதம் சரித்துத்தான் போடுவார்கள். இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் வண்டி மெதுவாக இடப்பக்கம் சரியும், வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் வலப்பக்கம். அது இயல்பு. ஒரே திசையில் பல தடங்கள் உள்ள, நடுவில் உயர்ந்த அகலச் சாலை கிடைத்தால், சாய்வு எதிர்ப்பக்கம் இருக்கும் தடத்தில் ஓட்டிப் பாருங்கள். சாய்வோடு சேர்ந்து இழுப்பும் பக்கம் மாறினால் வண்டியில் குறையில்லை. போக்குவரத்து இல்லாத நேரம் பார்த்துச் செய்யுங்கள். ஸ்டீயரிங்கைப் பிடிக்கும் அழுத்தத்தைத் தளர்த்தினால் போதும், கையை எடுத்துவிட வேண்டாம்.

அகலமான, பக்கச்சுவர் குட்டையான டயர் போட்ட வண்டிகள் சாலையில் பதிந்த சக்கரத் தடங்களையும் பிடித்துக்கொண்டு போகும். ஒரு நேரம் இடம், ஒரு நேரம் வலம் என்று அலைந்தால் அது இந்த வகை. ஒரே பக்கம் விடாமல் இழுப்பதோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஆடி ஏ6. சாதாரணமாக நேராகத்தான் போகிறது. பிரேக் அழுத்தினால் வலப்பக்கம் வெட்டுகிறது. டிஸ்க், பேட் எல்லாம் மாற்றியாயிற்று. இன்னும் அப்படியே இருக்கிறது, என்ன செய்வது அண்ணா?

தம்பி, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சரியாகும்வரை வேகமாக ஓட்டவும் வேண்டாம்.

பிரேக் பிடிக்கும்போது வண்டி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் கூடுதலாகப் பிடிக்கிறது. உங்கள் வண்டி வலப்பக்கம் வெட்டுகிறது என்றால், இடது முன் பிரேக் சரியாக வேலை செய்யவில்லை என்பது முதல் சந்தேகம். காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) நகரும் பின்கள் துருவேறி இறுகியிருக்கலாம், பிஸ்டன் சிக்கியிருக்கலாம், பிரேக் ஹோஸ் உட்புறமாக வீங்கி அடைத்திருக்கலாம். புது பேட் போட்டும் மாறாததற்கு இவை காரணமாக இருக்கலாம். பிரேக்கைத் தொடாமலேயே வண்டி ஒரு பக்கம் இழுத்து, அந்தச் சக்கரம் மட்டும் சூடேறினால் கணக்கு வேறு. அங்கே காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் இரண்டு முன் டிஸ்க்குகளின் சூட்டை அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். கையால் தொட்டுப் பார்க்கவே கூடாது, தோல் வெந்துவிடும்.

பிரேக் இரண்டு பக்கமும் சமம் என்றால் அடுத்தது புஷ், அதாவது ஆர்ம் இணையும் இடத்தில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உறை. உங்கள் வண்டியின் பல தலைமுறைகளில் முன்னால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் நான்கு ஆர்ம்கள் உண்டு, ஒவ்வொன்றின் முனையிலும் ரப்பர் புஷ்ஷோ பால் ஜாயின்ட்டோ (உருண்டை மூட்டு) இருக்கும். ஒரு புஷ் கிழிந்துவிட்டால், பிரேக் மிதிக்கும் நொடியில் அந்தச் சக்கரம் பின்னால் தள்ளப்பட்டு கோணம் மாறிவிடும். நின்றிருக்கும் வண்டியை அளக்கும் அலைன்மென்ட் மெஷினில் இது தெரியாது. நெம்புகோல் போட்டு ஒவ்வொரு புஷ்ஷையும் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில சொகுசு வண்டிகளில் புஷ்ஷுக்குள் திரவம் நிரப்பியிருப்பார்கள். அதைச் சுற்றிக் கறுப்பாக ஈரம் தெரிந்தால் புஷ் உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம், பல இடங்களில் கோட்டை விடுவது இங்கேதான். புது ஆர்ம் மாட்டும்போது புஷ் போல்ட்டை, சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கவே கூடாது. வண்டி தரையில் நிற்கும் உயரத்துக்கு சஸ்பென்ஷனைத் தூக்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

கேள்வி: மெர்சிடிஸில் கேம்பர், காஸ்டரை மாற்றவே முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உண்மையா?

பாதி உண்மை. பல மெர்சிடிஸ் மாடல்களில் முன்பக்கம் இவற்றைத் திருப்ப நேரடி வசதி கிடையாது. ஆனால் சில மாடல்களுக்கு லோயர் ஆர்மில் பள்ளம் வெட்டிய தனி போல்ட் உண்டு. சாதாரண போல்ட்டை எடுத்துவிட்டு அதைப் போட்டால் ஆர்ம் கொஞ்சம் நகரும். கிடைக்கும் மாற்றம் சிறியதுதான், ஆனாலும் இழுப்பைச் சரிசெய்ய பெரும்பாலும் அது போதும். உங்கள் மாடலுக்கு உண்டா என்று பாக எண்ணை வைத்துக் கேளுங்கள். அதற்கும் அடங்காத வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது, அதைத்தான் தேட வேண்டும்.

கேள்வி: வண்டி நேராகத்தான் போகிறது, ஆனால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது. இதுவும் இழுப்புதானா?

இல்லை. பெரும்பாலும் டோ அளவில் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது) வரும் குறை இது. பின் சக்கரங்களின் டோ தவறினால் பின்பக்கம் வண்டியை ஒரு பக்கம் தள்ளும், நீங்கள் ஸ்டீயரிங்கைச் சற்றுத் திருப்பிப் பிடித்து ஈடுகட்டுவீர்கள். ஆகவே பின்பக்கத்தை முதலில் சரிசெய்து, அதற்கேற்ப முன்பக்கம் வைக்க வேண்டும். முன்னால் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் வேலை முடியவில்லை என்று பொருள்.

கேள்வி: ரேஞ்ச் ரோவர், ஏர் சஸ்பென்ஷன். காலையில் எடுக்கும்போது இழுக்கிறது, சில நேரம் சரியாகிவிடுகிறது.

உயரம் மாறினால் கேம்பரும் டோவும் சேர்ந்து மாறும், காற்றுப் பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் வண்டியில் இதை எப்போதும் நினைவில் வைக்க வேண்டும். இரவு நிறுத்தும்போது ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எஞ்சின் போடாமல் மறுபடி அளவெடுங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அங்கே ஏர் ஸ்பிரிங்கோ குழாய் இணைப்போ கசிகிறது. இரவில் எதுவும் இறங்காமல், எஞ்சின் ஓடும்போதும் இடம் வலம் உயரம் ஒத்துப்போகவில்லை என்றால் உயரத்தை அளக்கும் சென்சாரைப் பாருங்கள். கசிவை அடைத்து உயரம் சரியான பிறகே அலைன்மென்ட். அதையும் தயாரிப்பாளர் சொல்லும் உயரத்தில், ஸ்கேனரால் அதற்குரிய நிலைக்குக் கொண்டுவந்து செய்ய வேண்டும். ஸ்கேனர் இல்லாத கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கண்ணாடி மாற்றிய பிறகு நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் திரும்பப் பார்க்கிறது.

முன் கண்ணாடிதானே? தடம் காக்கும் வசதியை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். இழுப்பு நின்றால், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவை மறுபடி கேலிபிரேட் செய்யவில்லை என்று அர்த்தம். அலைன்மென்ட் செய்த பிறகு இப்படி ஆரம்பித்திருந்தால், ஸ்டீயரிங் கோணம் அளக்கும் சென்சாருக்குப் புது நேர்நிலையைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டிருக்கலாம்.

கேள்வி: லெக்சஸ் ஈஎஸ். ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது மட்டும் லேசாக ஒரு பக்கம் போகிறது.

முன் சக்கரங்களுக்குச் சக்தி போகும் வண்டிகளில் இது லேசாக இருப்பது இயல்பு. முன்பைவிடக் கூடியிருந்தால் மட்டும் முன் டயர்கள் சமமாகத் தேய்ந்திருக்கின்றனவா, எஞ்சின் மவுண்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: வலப்பக்கம் திரும்பினால் வலப்பக்கமே இழுக்கிறது, இடப்பக்கம் திரும்பினால் இடப்பக்கம். யாருக்கும் புரியவில்லை சார்.

கடைசியாகத் திரும்பிய பக்கத்திலேயே ஸ்டீயரிங் நிற்கப் பார்க்கிறது. ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல் மவுண்ட் பேரிங், பால் ஜாயின்ட், ஸ்டீயரிங் தண்டின் ஜாயின்ட் ஆகியவற்றில் ஏதோ ஒன்று இறுகியிருக்கிறது. முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, ஒருவர் ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்ப, இன்னொருவர் ஸ்ட்ரட் ஸ்பிரிங்மேல் கைவைத்துப் பார்க்கட்டும். ஸ்பிரிங் சீராகச் சுழலாமல் முறுக்கிக்கொண்டு திடீரென்று துள்ளினால் மேல் பேரிங்தான்.

கேள்வி: பழைய சொகுசு வண்டி ஒன்றை வாங்கப் போகிறேன். ஓட்டிப் பார்த்தபோது கொஞ்சம் இழுத்தது. அலைன்மென்ட் செய்தால் போதும் என்கிறார் விற்பவர்.

அப்படியானால் வாங்கும் முன்பே அலைன்மென்ட் செய்து ரிப்போர்ட் காட்டச் சொல்லுங்கள், செலவை நீங்கள் ஏற்றாலும் பரவாயில்லை. கேம்பர், காஸ்டர், டோவோடு ஸ்டீயரிங் அச்சின் சாய்வையும் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சு சாய்ந்திருக்கும் அளவு) அளக்கச் சொல்லுங்கள். அந்தச் சாய்வு இடம் வலம் நன்றாக வித்தியாசப்பட்டால், அடிபட்டு நக்கிளோ (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகம்) ஸ்ட்ரட்டோ வளைந்திருக்கலாம், ஆர்ம்கள் பொருந்தும் சப்ஃப்ரேம் என்ற அடிச்சட்டம் நகர்ந்திருக்கலாம். டயர்களின் உள் விளிம்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள், வெளியே நன்றாக இருந்து உள்ளே கம்பி தெரியும் டயர்கள் இந்த வண்டிகளில் சகஜம். நான்கு டயரும் புத்தம் புதிதாக இருந்தால் பழைய டயர்கள் எங்கே என்று கேளுங்கள், அவற்றின் தேய்மானம் நிறையச் சொல்லும். வேலை தொடங்கும் முன் எடுத்த அளவு, முடிந்த பின் எடுத்த அளவு என்று இரண்டு தாள்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். பல கடைகளில் பின்னதை மட்டும்தான் கொடுப்பார்கள். வண்டி எந்த நிலையில் உங்களிடம் வந்தது என்பது முதல் தாளில்தான் இருக்கும்.