ஊருணியில் மிதப்பது கொட்டியா, ஹைட்ரில்லாவா?

கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவர்கள் ஊர் ஊருணியில் இரண்டு வருடமாகப் பாசி மண்டிக் கிடக்கிறது, படித்துறையில் குடத்தை முக்கினால் கொடியும் சேர்ந்து வருகிறதாம். பக்கத்துக் கண்மாயில் மீன் குத்தகை எடுத்தவர் "எல்லாமே ஹைட்ரில்லா, புல்கெண்டை விட்டால் தின்றுவிடும்" என்கிறார். அப்பத்தா "அது கொட்டி, கிழங்கு தின்கிற செடி, அதைப் போய்ப் பிடுங்குவார்களா" என்கிறார். இன்னொருவர் களைக்கொல்லி மருந்து அடிக்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டு இரண்டு படம் அனுப்பியிருக்கிறார்.

உங்கள் படங்களில் இருப்பது ஒரு செடி இல்லை, குறைந்தது இரண்டு. மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம், அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நீர்ச்செடிகளை இனம் பிரிக்கும்போது பெரும்பாலானவர்கள் இலையின் வடிவத்தைத்தான் பார்க்கிறார்கள், குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரே கொடியில் தண்ணீருக்குள் இருக்கும் இலை நீளமாக, மெல்லிசாக, வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி இருக்கும். மேலே வந்து மிதக்கும் இலை அகலமாக, கொஞ்சம் தடிப்பாக, மெழுகு பூசியதுபோல் இருக்கும். ஆழம் மாறினால், ஓட்டம் மாறினால் இலையும் மாறும். அதனால் இலை எப்படி இருக்கிறது என்பதைவிட, இலை தண்டில் எப்படி ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். அது சீக்கிரம் மாறாது.

ஒரு கொடியை வேரோடு எடுங்கள், நுனியை மட்டும் கிள்ளி எடுத்தால் பாதிச் சாட்சி போய்விடும். வீட்டில் பழைய வெள்ளை எனாமல் தட்டு இருக்குமே, அதில் இரண்டு விரல் தண்ணீர் ஊற்றிக் கொடியை மிதக்க விடுங்கள். வெளியே எடுத்தால் சவசவவென்று ஒட்டிக்கொள்கிற இலைகள் தண்ணீரில் தானாக விரிந்து நிற்கும். கையில் ஒரு பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் போதும்.

உங்கள் முதல் படத்தில் ஒரு கணுவைச் சுற்றி நான்கைந்து சின்ன இலைகள் வட்டமாக நிற்கின்றன. ஹைட்ரில்லா வெர்டிசில்லேட்டா இப்படித்தான் இருக்கும், வட்டத்துக்கு 3 முதல் 8 இலை வரை வரலாம், ஒவ்வொன்றும் சுமார் ஒன்று இரண்டு சென்டிமீட்டர். உறுதி செய்ய, இலையை நுனியிலிருந்து அடிப்பக்கமாக விரலால் தடவுங்கள், சொரசொரவென்று பிடிக்கும். ஓரத்தில் இருக்கும் பற்கள் கண்ணுக்கே தெரியும், இலையின் அடிப்புறம் நடுநரம்பிலும் சிறு முட்கள் இருக்கலாம். மீன் தொட்டிக் கடைகளில் விற்கிற எஜீரியா இதன் நெருங்கிய உறவு, யாராவது தொட்டியைக் கழுவி ஊருணியில் கொட்டினால் அதுவும் வந்து சேரும். அதன் இலை பெரிது, கைக்கு வழுவழுப்பாக இருக்கும், மூன்று இதழோடு நல்ல வெள்ளைப் பூ பூக்கும். ஹைட்ரில்லாவின் பூ உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

இங்கே நாஜாஸ் என்ற இன்னொரு சொந்தக்காரனும் வந்து குழப்புவான். அதன் இலைகள் எதிரெதிராக வரும், ஆனால் நெருக்கமாக இருப்பதால் வட்டம்போலத் தோன்றும். இலையின் அடி அகன்று தண்டைக் கவ்விப் பிடித்திருக்கும், அந்த உறைதான் அடையாளம், ஹைட்ரில்லாவுக்கு அது கிடையாது. இலை கவட்டை மாதிரி இரண்டிரண்டாகப் பிளந்து பிளந்து போனால், வேரே இல்லாவிட்டால், அது செரட்டோபில்லம். நசுக்கினால் பூண்டு வாடை அடித்து, கையில் சுண்ணாம்பு நறநறத்தால் அது கேரா, செடியே இல்லை, ஆல்கா.

இரண்டாவது படம்தான் எனக்குப் பிடித்தது. நீள்வட்ட இலைகள் மிதக்கின்றன, நடுவில் ஒரு கதிர் தண்ணீருக்கு மேலே எழுந்து நிற்கிறது. உங்கள் அப்பத்தா கொட்டி என்று சொன்னதில் தப்பே இல்லை, மேலே நின்று பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். இரண்டுக்கும் நரம்பு நீளவாக்கில்தான் ஓடும், இரண்டும் கதிர்தான் விடும். ஆனால் கையை உள்ளே விட்டு இலைக்காம்பைப் பிடித்துக்கொண்டே கீழே போங்கள். கொட்டி என்றால் எல்லாக் காம்பும் சேற்றில் இருக்கிற ஒரு கிழங்கில் போய் முடியும், அதைத்தான் அவித்துத் தின்பார்கள். நடுவில் இலை தாங்குகிற தண்டு என்று ஒன்று கிடையாது. கதிரும் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பு, ஊதா கலந்தோ நிறமாக இருக்கும். காம்பு கிழங்குக்குப் போகாமல் ஒரு நீளமான தண்டில் முடிந்து, அந்தத் தண்டில் இலைகள் பெரும்பாலும் மாறி மாறி ஏறினால் அது பொட்டமோஜிட்டன் என்கிற வேறொரு நீர்ச்செடி. கதிர் பச்சையும் பழுப்புமாக மங்கலாக இருக்கும். உங்கள் படத்தில் தண்டும் மங்கலான கதிரும் தெரிகின்றன, ஆகவே பொட்டமோஜிட்டன் நோடோசஸ் என்றுதான் நினைக்கிறேன்.

பொட்டமோஜிட்டன் குடும்பத்துக்குள்ளேயே பிரிப்பது இன்னும் நுணுக்கம், ஒன்றோடொன்று கலந்து கலப்பினமும் உண்டாகும் என்பதால் ஐரோப்பாவில் இதற்கென்றே காலம் செலவழித்தவர்கள் உண்டு. நமக்கு வேண்டியது இலையடியில் இருக்கிற சவ்வு. இலையை மெதுவாகக் கீழ்நோக்கி இழுங்கள். நோடோசஸில் அந்தச் சவ்வு இலையோடு ஒட்டாமல் தனியாகத் தண்டில் நிற்கும். இழுத்த இலையோடு சவ்வும், புல்லின் உறை உரிவதுபோல் சேர்ந்து வந்தால், அதுவும் இலைகள் நூல் மாதிரி இருந்தால், அது ஸ்டக்கீனியா பெக்டினேட்டா. இதையும் முன்பு பொட்டமோஜிட்டன் என்றே சொன்னார்கள், பிரித்ததற்கு இந்தச் சவ்வும் ஒரு காரணம். பொட்டமோஜிட்டனிலேயே கிரிஸ்பஸ் என்ற இனத்துக்கு இலை ஓரம் அப்பளம் பொரித்தாற்போல் நெளிநெளியாக இருக்கும், சிறு பற்களும் உண்டு, மிதக்கும் இலை கிடையாது.

இந்தப் பிரிவினை எதற்கு என்றால், ஒவ்வொன்றையும் கையாள்கிற முறை வேறு. ஹைட்ரில்லா ஒரு கணு அறுந்து விழுந்தாலும் முளைக்கும், சேற்றுக்குள் பட்டாணி அளவு முடிச்சுக் கிழங்குகளைப் போட்டு வைக்கும், அவை சில வருடம்கூட உயிரோடு கிடக்கும். அதை அரிவாளால் அறுத்துவிட்டால் நீங்களே நட்டதாகிவிடும். மருந்து மேலிருப்பதை அழிக்கும், சேற்றுக் கிழங்கைத் தொடாது, அழுகுகிற கொடி தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்று மீனைக் கொல்லும், குடத்தில் மொள்கிற தண்ணீருக்கு அந்த மருந்தே ஆபத்து. கோடையில் ஊருணி வற்றும்போது மேல் சேற்றைக் கிழங்கோடு வழித்து வெளியேற்றுவதுதான் வழி, அது வயலுக்கோ வரத்து வாய்க்காலுக்கோ திரும்பப் போகக் கூடாது.

புல்கெண்டைக்கு ஹைட்ரில்லாவும் நாஜாஸும் பிடித்த சாப்பாடு, குத்தகைக்காரர் சொன்னது அந்த அளவுக்குச் சரி. ஆனால் அது நோடோசஸையும் தின்னும், அதிகமாக விட்டால் செடியே இல்லாமல் நுண்பாசி பெருகி ஊருணி பச்சைக் கஞ்சி மாதிரி ஆகிவிடும். நோடோசஸ் படித்துறையிலிருந்து தள்ளி இருந்தால் அப்படியே விடுங்கள், மீன் குஞ்சுகளுக்கு அதுதான் நிழல். புல்கெண்டை விடுவதானால் குறைவாக விடுங்கள், சற்றுப் பெரிய குஞ்சுகளாக, ஊருணியில் விரால் இருந்தால் சின்னது தப்பாது. அதற்கு முன் இரண்டாம் படத்துச் செடியை வேரோடு ஒரு காகிதத்தில் மிதக்கவிட்டு எடுத்து, செய்தித்தாளுக்கு நடுவே காயவைத்து, கதிரும் சவ்வும் தெரியும்படி திருச்சி தூய வளனார் கல்லூரியின் ரபினாட் ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய செடிகளைச் சேர்த்து வைத்திருக்கும் இடத்தில், காட்டுங்கள், படத்தில் தெரியாதது அங்கே தெரியும்.