வாசகர் கேள்வி பதில்: மகர் ஆக்கள்ட கௌரா ஆட்டம்

கேள்வி: எங்கட ஸ்கூல் கலைவிழாவுக்கு இந்த முறை வெளிநாட்டு நாட்டார் ஆட்டம் ஒண்டு போடலாம் எண்டு தேடக்க நேபாளத்து மகர் ஆக்கள்ட கௌரா வீடியோ கண்டு ஆசைப்பட்டுட்டன். பாட்டை டவுன்லோட் பண்ணி, ஸ்டெப்பை அப்படியே பழக்கினா சரியா?
- நடன டீச்சர், உவர்மலை

பதில்: டீச்சர், நீங்க கௌராவை எடுத்ததே பெரிய சந்தோசம். ஆனா அந்த டவுன்லோட் பாட்டை மட்டும் தயவுசெய்து விட்டுடுங்கோ. ஏன் சொல்றன் எண்டா, கௌராவில பாட்டுத்தான் முதல், ஆட்டம் அதுக்குப் பின்னால வாறது. தனஹூன், ஸ்யாங்ஜா, பால்பா பக்கத்து மலைக் கிராமங்கள்ல ஆம்பிளையள் ஒரு பக்கம் பொம்பிளையள் ஒரு பக்கம் எண்டு இருந்து, ஒரு பக்கம் ஒரு அடியை எடுத்துவிட மற்றப் பக்கம் அதுக்கு அந்த இடத்திலேயே பதில் கட்டிப் பாடோணும், கேலி வரும், காதல் வரும், பிரிஞ்சு போன கவலை வரும், இப்பிடியே ராத்திரி முழுக்க இழுபடும். கஞ்சிரா மாதிரி ஒரு சின்ன மேளத்தைக் கையில வச்சுத் தட்டுவாங்க, அதுக்குப் பேர் கைஞ்சடி. தொடக்கத்தில ஆறுதலாப் போகும், பிறகு தாளம் ஏற ஏற ஆடுறவங்க முழங்காலை மடிச்சுக் குந்தி எழும்பிச் சுத்தி வருவாங்க. பதில் சொல்ல ஆள் இல்லாம ரெக்கோர்ட் பண்ணின பாட்டுக்கு வாயை அசைச்சு ஆடினா, அழகா இருக்கும்தான், ஆனா கௌராவில பாதி போயிடும்.

நான் சொல்றது இதுதான். பிள்ளையளை ரெண்டு கட்சியாப் பிரியுங்கோ. ஸ்டெப்பும் மேளமும் மகர் ஆக்கள்ட, பாட்டு அடி பிள்ளையளே தமிழில கட்டட்டும். நேபாளி வசனத்தைப் பொருள் தெரியாமப் பாடமாக்கிறதை விட இதுதான் அந்த ஆட்டத்துக்கு மரியாதை எண்டு நான் முழுசா நம்புறன். கிழக்கு மாகாணத்துப் பிள்ளையளுக்கு இது புதுசும் இல்ல, வயல் வழியில ஒராள் கவி பாட மற்றாள் எதிர்க்கவி பாடின ஊர்கள் எங்கட ஊர்கள், வீட்டில அம்மம்மாவைக் கேட்டா ரெண்டு மூண்டு கவியாவது வரும். ஆனா நிகழ்ச்சி அறிவிக்கக்க இது மகர் ஆக்கள்ட கௌரா, பாட்டு வரி மட்டும் நாங்க கட்டினது எண்டு தெளிவாச் சொல்லிடுங்கோ, சும்மா 'நேபாள நடனம்' எண்டு சொல்லி விட்டுடாதீங்கோ. 2021 கணக்கெடுப்பில மகர் ஆக்கள் 20 லட்சத்துக்கும் மேல, நாட்டுச் சனத்தொகையில 6.9 வீதம். அவ்வளவு பேர் இருக்கிற ஒரு சமூகத்துக்கு அவங்கட பேரைச் சொல்லாம விடுறது நல்லா இல்ல.

கேள்வி: கைஞ்சடி இங்க எங்க எடுக்கலாம்? உடும்புத் தோல்தான் வேணுமாமே?
- தம்பலகாமம் வாசகர்

பதில்: பழைய கைஞ்சடிக்கு உடும்புத் தோல்தான் போட்டாங்க, தென்னிந்தியக் கஞ்சிராவுக்கும் அதேதான். ஆனா இங்க உடும்பு சட்டத்தால பாதுகாக்கப்பட்ட உயிர், அந்தப் பக்கம் போகவே வேண்டாம். ஆட்டுத்தோல் போட்ட சின்னக் கஞ்சிரா காணும். மழை நாள்ல தோல் தளர்ந்து சத்தம் அமுங்கும், சூடு காட்டினா ஏறும், அது உங்கட பக்கத்தில பறை, உடுக்கு அடிக்கிற ஆக்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்ல, உண்மையில அவங்களில ஒராளைக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னா இன்னும் நல்லம்.

கேள்வி: கட்டாரில என்னோட ஒரே ரூமில இருந்த நேபாளித் தம்பி மகர் ஆள். ஒவ்வொரு வருசமும் எங்கட தைப்பொங்கலை ஒட்டி அவனும் கூட்டாளிமாரும் கிழங்கு அவிச்சு, எள்ளுருண்டை சாப்பிட்டு, விடிய விடியப் பாடுவாங்க. அது என்ன பண்டிகை?
- ஊர் திரும்பினவர், நிலாவெளி

பதில்: அது மாகே சங்கராந்தி. சூரியன் மகர ராசிக்குப் போற நாள்தான் எங்களுக்கும் பொங்கல், அதால ரெண்டும் ஒரே நாள் இல்லாட்டி அடுத்தடுத்த நாள் வரும். மகர் ஆக்களுக்கு வருசத்தில பெரிய பண்டிகை இதுதான். வள்ளிக்கிழங்கு, எள்ளு, நெய், வெல்லப்பாகு எல்லாம் இருக்கும், கட்டிக் குடுத்த பொம்பிளைப் பிள்ளையளையும் சகோதரியளையும் வீட்டுக்குக் கூப்பிட்டு மரியாதை செய்வாங்க. கௌரா பாடி ஆடுற முக்கியமான நேரங்கள்ல இதுவும் ஒண்டு, தீபாவளி நேரத்துத் திஹார் இன்னொண்டு. அந்தப் பாட்டுகள்ல பிரிவு ஏன் இவ்வளவு வருது எண்டா, மகர் ஊர்கள்ல இருந்து ஆம்பிளையள் 200 வருசமா, நேபாளத்து ஆக்களைச் சேர்க்கிற கூர்க்காப் படைக்குப் போறாங்க, 1915இல பிரான்ஸ் போர்க்களத்தில விக்டோரியா குறோஸ் எண்ட பிரிட்டன்ட பெரிய வீர விருதை வாங்கின குல்பீர் தாபா மகர் ஆள்தான், அவர்தான் அதை வாங்கின முதல் நேபாளக் கூர்க்கா. இப்ப போறது கட்டாருக்கும் மலேசியாவுக்கும். அண்ணன், உங்கட தம்பி அந்த ரூமில என்ன பாடியிருப்பான் எண்டு வெளிநாட்டில வேலை செய்த உங்களுக்குத்தான் நல்லா விளங்கும்.

கேள்வி: ஆம்பிளையள் பொம்பிளை வேசம் போட்டு ஆடுறதும் கௌராவா?
- மூதூர் வாசகி

பதில்: இல்ல, நீங்க பார்த்தது மருணி. அதுவும் மகர் ஆக்கள்ட பேர்பெற்ற ஆட்டம், திஹார் நேரம் வீடு வீடாப் போய் ஆடுவாங்க, மாதல் எண்ட ரெண்டு பக்க மேளம் அடிப்பாங்க, பகிடி பண்ண ஒரு கோமாளியும் கூட வருவார். முந்திப் பொம்பிளை வேசமும் ஆம்பிளையள்தான், எங்கட வடமோடி தென்மோடிக் கூத்திலயும் அப்பிடித்தானே. டார்ஜிலிங், சிக்கிம் வரைக்கும் மருணி போயிருக்கு, இப்ப பொம்பிளையளே ஆடுறாங்க.

கேள்வி: எல்லா மகர் ஆக்களும் கௌரா ஆடுவாங்களா?
- ஏ.எல். மாணவன், சாம்பல்தீவு

பதில்: அப்பிடி இல்லத் தம்பி. மேற்கில ருக்கும், ரோல்பா மலைகள்ல இருக்கிற மகர் ஆக்கள் பேசுற பாஷை காம், தனஹூன் பக்கத்து டுட் மகர் பாஷை பேசுறவங்களுக்கு அது விளங்காது. அங்க பெரிசு பூமே ஆட்டம். ஜூன் மாச அளவில பூமியைக் கும்பிட்டு, மழையும் விளைச்சலும் கேட்டு, ஊரே வட்டமாச் சேர்ந்து ஆடும். சோரட்டி எண்டு இன்னொண்டு இருக்கு, அது கதையாட்டம், குருங் ஆக்களும் ஆடுவாங்க: ஏழு ராணிகள் உள்ள ராசாவுக்குக் கடைசியில ஒரு பிள்ளை பிறக்க, மற்ற ராணிமார் பொறாமையில அதைப் பெட்டியில வச்சு ஆத்தில விட்டுடுவாங்க, மீன்பிடிகாரன் ஒராள் எடுத்து வளர்ப்பார்.

கேள்வி: கௌராவுக்கு உடுப்பு? வாடகைக் கடையில ஒண்டும் இல்ல.
- பெற்றோர், உப்புவெளி

பதில்: வாடகை தேவையே இல்ல. பொம்பிளைப் பிள்ளையளுக்கு கரும் சிவப்பு வெல்வெட் நீளக்கைச் சட்டை, கீழ பாவாடை மாதிரிச் சுத்தின சேலை, இடுப்பில அகலமான துணிக்கட்டு, கழுத்தில காசுமாலை. பெடியனுக்கு முழங்காலுக்கு மேல கட்டின வெள்ளைத் துணி, நெஞ்சில குறுக்கா முடிஞ்ச வெள்ளைப் போர்வை, தலையில நேபாளத் தொப்பி. தையல்காரருக்கு ரெண்டு படம் காட்டினாக் காணும், வெல்வெட் மட்டும் மெல்லிசா எடுங்கோ, எங்கட வெக்கைக்குப் பிள்ளையள் வேர்த்துப் போவாங்க.