சிமெண்ட் இல்லாத கான்கிரீட்: பலம் எதுல இருக்கு?

பெருந்துறைப் பக்கம் பேவர் பிளாக் போடறேனுங்க. சிமெண்ட்டுக்குப் பதிலா மேட்டூர் அனல் மின் நிலையச் சாம்பலும் இரும்பு உலைக் கசடும்தான். இப்படிச் சாம்பலையும் கசடையும் காரக் கரைசல் ஊத்தி இறுக வைக்கறதுதான் ஜியோபாலிமர் கலவை. அதைப் பத்திக் கேட்டவங்களுக்குப் பதில்.

ஈரோடு, ஹாலோ பிளாக் பட்டறை: ஏனுங்ணா, காஸ்டிக் சோடாவை ஏத்துனா பலம் ஏறுமுங்களா?

ஓரளவுக்கு ஏறுமுங்க. சாம்பல்ல இருக்கற சிலிக்காவையும் அலுமினாவையும் கரைச்சு எடுக்கறதே அதுதான். கரைசலோட காரச் செறிவை மோலார்னு சொல்றது; 8 மோலார்ல ஆரம்பிச்சு 14 வரைக்கும் போடறாங்க. அளவு மீறினா கலவை பிசுபிசுன்னு ஒட்டும், மிஞ்சின காரம் கல்லு மேல வெள்ளையாப் பூக்கும். நான் 10லயே நிறுத்திக்கறேன்.

கோவை, சிவில் மாணவி: நானும் 10 மோலார்தான் சார். ஆனா பலம் பார்க்க வார்க்கற கியூப் கட்டியோட ரிசல்ட் ஒவ்வொரு தடவையும் மாறுது.

எப்படிக் கரைச்சீங்க அம்மிணி? 400 கிராமை ஒரு லிட்டர் தண்ணில கொட்டினா அது 10 மோலார் இல்லை; கரைசல் மொத்தமாத்தான் ஒரு லிட்டர் வரணும். எடை போட்டே செய்யுங்க: ஒரு கிலோ கரைசலுக்கு சோடா 314 கிராம், தண்ணி 686. பிரிச்சு வெச்ச மூட்டைல சோடாச் செதில் ஈரத்தை இழுத்துக் கட்டி கட்டியா நிக்கும், அதை எடை போட்டா கணக்கு உதைக்கும். தண்ணில செதிலைக் கொஞ்சங் கொஞ்சமாப் போடணும். செதில் மேல தண்ணி ஊத்தினா முகத்துல தெறிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம், காஸ்டிக் அதைத் தின்னுரும். பக்கெட்டைத் தொட முடியாத அளவுக்குச் சூடேறும், அதனால முந்தின நாளே கரைச்சு ஆற வெச்சிருங்க. அப்புறந்தான் சோடியம் சிலிகேட் கரைசலைச் சேர்க்கணும். அது காஸ்டிக் கரைசலைப் போல ரெண்டரை மடங்கு வரை போகலாம்.

நாமக்கல்: ஓவன் இல்லீங்க. வெளியிலேயே இறுகுமா?

வெறும் சாம்பல்னா 60 டிகிரில ஒரு நாள் வேகணும். கசடு சேர்த்தா அதுல இருக்கற சுண்ணாம்புச் சத்து சாதாச் சூட்டிலேயே இறுக்கிரும். மூணுல ஒரு பங்கு போட்டுப் பாருங்க. கூட்டினா பலமும் கூடும். ஆனா சித்திரை வெயில்ல மிக்சர்ல இருந்து அச்சுக்குப் போறதுக்குள்ளயே இறுகிப் போயிரும்.

கரூர்: கலவை கெட்டியா இருந்தா கொஞ்சம் தண்ணி விடலாமுங்களா?

விடாதீங்க. பலம் போறதே இங்கதான். சிமெண்ட்ல தண்ணி கல்லோட கல்லாச் சேர்ந்துக்கும். இதுல வேலை முடிஞ்சதும் தண்ணி வெளிய வந்துரும், இருந்த இடம் பொத்தலா நிக்கும். போன ஐப்பசி மழைல எம் சாண்டோட ஈரத்தைத் தண்ணிக் கணக்குல கழிக்காம ஒரு நாள் பூரா ஓட்டிட்டோம். அடுக்கும்போது விரல்லயே மூலை உதிர்ந்துச்சு. ஒண்ணை உடைச்சா உள்ளே ஆப்பம் மாதிரி ஓட்டை. அத்தனை கல்லையும் பள்ளத்துலதான் கொட்டினேன், இன்னும் மனசு ஆறலை. கெட்டியா இருந்தா சாம்பலைப் பாருங்க: கருப்படிச்சிருந்தா வேகாத கரி ஜாஸ்தி, அது கரைசலைக் குடிச்சிரும்.

தாராபுரம்: வீட்டுக்கு மேல்தளம் போடலாமுங்களா?

வேண்டாமுங்க. 2020ல வந்த இந்தியத் தர விதி ஐ.எஸ். 17452 அச்சுல வார்த்து எடுக்கற பொருளுக்குத்தான் வழி சொல்லுது. பேவர், வேலிக்கல் தாராளமாப் போடுங்க. தளம் சிமெண்ட்லயே இருக்கட்டும்.